லீகா என்ற பெயரின் நாள்

"23-06-1986, திங்கள். பள்ளிக்கூடம். எழுத்துக்கூட்டல் சோதனையில் இருபதுக்குப் பதினெட்டு. நேற்று இங்கிலாந்து தோற்றதால் வகுப்பில் எல்லோருக்கும் கோபம். இன்று கீழ் அன்ரியின் பெயர் நாள். நாங்கள் போகவில்லை."

பத்து வயதில் நான் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பு இது. அப்பா வேலை செய்த பெற்றோல் நிலையத்தில் வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுத்து மிஞ்சிய நீல நிற நாட்குறிப்பு. அந்த ஆண்டு ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருக்கிறேன். மழை, பேருந்து, சோதனைப் புள்ளி, இரவுச் சாப்பாடு எல்லாம் இருக்கிறது. தேவையானது மட்டும் இல்லை. கடைசி வாக்கியத்துக்கு மேல் ஒரு வரி எழுதியிருந்தால் இன்று இவ்வளவு பாடு இல்லை.

உங்களில் பலர் என் வயதுக்காரர்கள். எண்பதுகளில் இங்கே லண்டனுக்கு வந்து, ஆறு மாதத்தில் ஆங்கிலம் பிடித்து, வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனவர்கள். டொக்டரிடம் அம்மாவின் நோவைச் சொன்னதும், கவுன்சில் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியதும் நாங்கள்தான். சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று எங்களைப் பழக்கினார்கள். நான் அதில் மிகவும் கெட்டிக்காரி. அந்தக் கெட்டித்தனத்தால் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

1985 செப்ரெம்பர் 14, சனிக்கிழமை, நாங்கள் பிளேஸ்டோவில் ஒரு வரிசை வீட்டின் மேல்மாடிக்குக் குடிவந்தோம். அதற்கு முன் பத்து மாதம் ஈஸ்ட்ஹாமில் ஒரே அறையில் இருந்தோம். பத்திரிகைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு சின்ன அட்டையைப் பார்த்து, அப்பா என்னைத்தான் தொலைபேசியில் பேசவைத்தார். மேலே இரண்டு அறை, காசு போட்டால் எரியும் காஸ் மீற்றர், பதினான்கு படிகள். கீழே வீட்டுக்காரப் பெண்மணி தனியாக இருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். கணவர் இறந்து நாலு வருடம். லத்வியாக்காரர்.

லத்வியா எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. ஊரில் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர், உலகப்படம் மனப்பாடம். ஆனால் எங்களிடம் இருந்த உலகப்படத்தில் அப்படி ஒரு நாடு இல்லை; சோவியத் ஒன்றியம் என்று ஒரே நிறத்தில் பூசியிருந்தது. "என் நாட்டை உன் படத்தில் தேடாதே," என்று வீட்டுக்காரப் பெண்மணி என்னிடம் சொன்னார். போர் முடிந்து ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்து, 1947இல் ஒரு பெட்டியோடு இங்கே வந்து, காசநோய் மருத்துவமனையில் தரை கழுவி, பிறகு வேறொரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தவர். முகாம் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா அவரை அண்ணாந்து பார்த்தது நினைவிருக்கிறது.

நாங்கள் அவரைக் கீழ் அன்ரி என்று அழைத்தோம். அவருடைய பெயர் லீகா.

கீழே நடையில் ஒரு நாள்காட்டி தொங்கியது. நாடு விட்டுப் போன அவர்களுடைய ஆட்கள் தங்கள் மொழியில் அச்சிட்டது. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் இரண்டு மூன்று பெயர்கள். அந்தப் பெயருள்ளவர்களுக்கு அது பெயர் நாள். பிறந்த நாள் உனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்தது, பெயர் நாள் எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் அதுதான் பெரியது என்றார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமல் நின்று, ஒரு மாதம் முழுக்க என் பெயரைத் தேடினேன். இல்லை. ஜூன் 23இல் அவருடைய பெயர் இருந்தது, சிவப்பு மையில்.

1986 ஜூன் 5, வியாழக்கிழமை, விடிகாலை. அப்பா வேலையில். அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தார். நான் பதினான்கு படியும் ஓடி இறங்கினேன். அன்ரி தலையில் முடி சுருட்டும் ஊசிகளோடு வந்து, அம்புலன்ஸைக் கூப்பிட்டு, அதில் தானும் ஏறினார். தாதி "நீங்கள் உறவா?" என்று கேட்டபோது, "ஓம், சகோதரி" என்று சொன்னார். அறுபத்தைந்து வயது வெள்ளைக்காரச் சகோதரி. தாதி சிரித்துவிட்டு உள்ளே விட்டாள். அம்மாவுக்கு ஒரு சொல் ஆங்கிலமும் வராது, அன்ரியின் ஆங்கிலமும் அரைகுறை. இரண்டு பேரும் நாலு மணி நேரம் என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை. வெளியே பிளாஸ்ரிக் கதிரையில் தூங்கிவிட்டேன். விழித்தபோது தங்கை பிறந்திருந்தாள். அன்ரியின் மணிக்கட்டில் அம்மாவின் நகம் பதிந்த நாலு தடம் சிவந்து கிடந்தது.

ஜூன் 8, ஞாயிறு. அம்மாவும் தங்கையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஈஸ்ட்ஹாமிலிருந்து சாத்திரம் பார்க்கிற மாமா வந்தார். பிள்ளை பிறந்த தீட்டு, துடக்கு வீடு என்று தண்ணீரும் குடிக்காமல், வாசற்படியிலேயே ஒரு கதிரை போட்டு இருந்து பஞ்சாங்கத்தை விரித்தார்.

"பரணி. லி, லு, லே, லோ. உந்த நாலில ஒண்டில துவங்க வேணும். லீலாவதி இருக்கு, லோகேஸ்வரி இருக்கு. என்ன சொல்லுறியள்?"

உள்ளே கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "லீகா."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "லீகாவோ? தங்கச்சி, குளிசைப் பேர் மாதிரியெல்லோ கிடக்கு. சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு."

"அந்த மனிசி இல்லாட்டி நானும் இல்லை, பிள்ளையும் இல்லை. எழுத்தும் சரியா வந்திட்டுது. பிறகென்ன?"

அப்பா யோசித்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பேரெண்டால் ஒரு பொருள் இருக்க வேணுமப்பா. நாளைக்குப் பிள்ளை வளர்ந்து கேட்டால் என்ன சொல்லுறது?"

"உங்கட பேருக்கு என்ன பொருள்?"

"என்ர பேர் முருகன்ர பேர்."

"அதுதான் கேக்கிறன். முருகன்ர அந்தப் பேருக்கு என்ன பொருள்?"

மாமா பஞ்சாங்கத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீ போய் அவவிட்டக் கேட்டுக்கொண்டு வா. லீகா எண்டால் என்ன, எங்கேயிருந்து வந்த பேர். நல்ல பொருளெண்டால் வைப்பம். முப்பத்தொண்டுக்கு முதல் எனக்குத் தெரிய வேணும்."

பொருளைக் கொண்டுவந்தால் தங்கைக்கு அந்தப் பெயர், கொண்டுவராவிட்டால் இல்லை. அம்மா எதற்கும் ஆசைப்பட்டு நான் கண்டதில்லை. இதற்கு ஆசைப்பட்டார். பிறந்து முப்பத்தோராம் நாள் ஜூலை 5, சனிக்கிழமை. அன்று துடக்குக் கழித்துப் பெயர் வைக்க வேண்டும். இந்த நாட்டுச் சட்டம் பிறப்பைப் பதிய நாற்பத்திரண்டு நாள் தந்தது. அது ஜூலை நடுவில் முடியும்.

அடுத்த நாள் நூலகத்துக்குப் போனேன். நூலகப் பெண் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கத்தைக் காட்டினாள். மரம், மீன், துறைமுகம், பனி. பெயர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. அன்று பின்னேரம் அன்ரியைப் படியில் மறித்துக் கேட்டேன். எதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. பெயர் வைக்கும் முன் வெளியே சொல்லக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார்.

அன்ரி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை முடிந்தவரை அப்படியே தமிழில் தருகிறேன்: "அது படியில் நின்று சொல்கிற விஷயம் இல்லை. பாட்டோடு சொல்ல வேண்டியது. இருபத்துமூன்றாம் தேதி அந்தப் பெயரின் நாள். ஐந்து மணியிலிருந்து நான் வீட்டில் இருப்பேன். கதவு திறந்திருக்கும்."

மேலே போய் ஒப்புவித்தேன்.

"வரச் சொன்னவவோ?" என்று அப்பா கேட்டார்.

"இல்லை. வீட்டில இருப்பன் எண்டு சொன்னவ."

"எங்களை எண்டு சொன்னவவோ?"

"இல்லை. கதவு திறந்திருக்கும் எண்டவ."

"வெயில் காலம். காத்துக்குத் திறந்திருக்கும்." அப்பா பேப்பரை மடித்தார். "அது அழைப்பில்லை."

உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வீட்டில் நல்ல காரியம் என்றால் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "குடும்பத்தோட வாங்கோ" என்று சொல்ல வேண்டும். சொல்லாத நன்மைக்குப் போவதில்லை. சொல்லாமல் போவது செத்த வீட்டுக்கு மட்டும். என் அப்பா ஊரில் சொந்தத் தமக்கையின் மகளுடைய கலியாணத்துக்கு, சொன்ன விதம் சரியில்லை என்று போகாமல் இருந்தவர்.

"அவ எங்கட ஆளே? அவையின்ர முறை என்னெண்டு ஆருக்குத் தெரியும்," என்றார் அம்மா.

"அதைத்தான் நானும் சொல்லுறன். தெரியாத முறையில போய் நிக்கேலாது."

"நான் போய்க் கேக்கட்டே, எங்களையும் வரச் சொல்லுறாவோ எண்டு?" என்றேன்.

"சீ! கேட்டு வாங்கிறது ஒரு அழைப்பே? வாயை மூடிக்கொண்டு இரு. கூப்பிடுறதெண்டால் இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு. கூப்பிடுவா."

இரண்டு கிழமை காத்திருந்தோம். அன்ரி ஒவ்வொரு நாளும் மேலே வந்தார். தங்கையின் துணிகளைத் தன் இயந்திரத்தில் போட்டுக் காயவைத்து, இஸ்திரி போட்டு, சலவைத் தொழிலாளியின் ஒழுங்கோடு ஓரம் ஓரமாக மடித்துக் கொண்டுவந்தார். ஒரு நாளும் கூப்பிடவில்லை. அவர் படியிறங்கிய ஒவ்வொரு தடவையும் அப்பா அம்மாவைப் பார்த்தார்; அம்மா சுவரைப் பார்த்தார்.

ஜூன் 21, சனி. வீடு முழுக்கப் பால் திரிந்த மணம். கீழே குசினிக் குழாயில் வெள்ளைத் துணி மூட்டை ஒன்று சொட்டிக்கொண்டு தொங்கியது. பாலாடைக்கட்டி செய்கிறார். அதில் ஒரு விதை போட்டிருந்தார். நற்சீரகமும் இல்லை, பெருஞ்சீரகமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசம். கட்டியைத் தட்டில் கவிழ்த்தபோது மஞ்சளாக, வட்டமாக, துணியின் மடிப்பு பதிந்து இருந்தது. ஒரு துண்டு கேட்டேன். "இன்றைக்கு இல்லை" என்றார். பிறகு மாப்பிசைந்த கையோடு திரும்பி, "உங்கள் வீட்டில் பன்றி சாப்பிடுவீர்களா?" என்று கேட்டார். "இல்லை, ஒருவரும் சாப்பிடுவதில்லை" என்றேன். "நல்லது" என்று தலையாட்டினார்.

இதை நான் மேலே போய்ச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன். சொல்லாத அழைப்பைப் பற்றி அத்தனை தடவை எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்த நான், அழைப்புக்கு மிகக் கிட்ட வந்த அந்த ஒரே கேள்வியைச் செய்தியாக எண்ணவில்லை. இத்தனை வருடத்திலும் எனக்கு என் மேல் ஆறாத எரிச்சல் இதுதான். தங்கையிடம்கூட இதைச் சொன்னதில்லை.

ஞாயிறு பகல் அவர் கடைக்குப் போகும் தள்ளுவண்டியில் ஓக் மரக் கிளைகளை அடைத்துப் பேருந்தில் வந்து இறங்கினார். ஜன்னலில் நின்ற அப்பா, "உவ என்ன, பார்க்கை வெட்டிக்கொண்டு வாறாவோ?" என்றார். அம்மா சிரித்தார். பிள்ளை பிறந்த பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

திங்கள். பின்னேரம் நாலு மணிக்கு நான் வந்தபோது வாசல் நிலையில் இலைகள் கட்டியிருந்தன. உள்ளே புல் பரப்பியிருந்தது. காலடியில் நசுங்கி மணத்தது. அன்ரி வெள்ளைச் சட்டையும், பூவேலை செய்த நாடாவும், வெள்ளியில் ஒரு பெரிய மார்புப்பதக்கமும் அணிந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் மேலே ஏறினேன்.

ஐந்து மணி. கீழ்க் கதவு உண்மையாகவே திறந்து கிடந்தது. மேலிருந்து பார்த்தால் மேசையின் ஒரு மூலை தெரிந்தது. வெள்ளை விரிப்பு, தட்டுகள். எத்தனை தட்டு என்று எண்ணக் குனிந்தேன். அப்பா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

ஐந்தரைக்கு அம்மா எழுந்து தலையை இழுத்துக் கட்டினார். "இஞ்சாருங்கோ, நான் ஒருக்காப் போட்டு வாறன்."

"எங்க?"

"கீழதான். பிள்ளையைக் காட்டிப்போட்டு வாறன்."

"துடக்கோடயோ? பத்தொன்பது நாள். அவவுக்கு வருசத்தில ஒரு நல்ல நாள். அதைப் போய்க் கெடுக்கிறதே?"

"வெள்ளைக்காரருக்குத் துடக்கு இருக்கே?"

"எங்களுக்கு இருக்கு."

நன்றாகக் கவனியுங்கள். அப்பா அவரை அவமதிப்பதற்காக மறிக்கவில்லை. அவருடைய நல்ல நாள் கெட்டுவிடக்கூடாது என்று மறித்தார். துடக்கு வீட்டுக்காரர் நல்ல காரியத்துக்குப் போகாமல் விலகி நிற்பதுதான் அவர் படித்த மரியாதை. மரியாதை செய்வதற்காகத்தான் நாங்கள் அன்று மேலே இருந்தோம்.

ஆறு மணிபோல மணி அடித்தது. இரண்டு வயதான பெண்கள், ஒருத்தியின் கையில் பூ, மற்றவளின் கையில் போத்தல். அவர்கள் நடையிலேயே பாடத் தொடங்கினார்கள். அன்ரியின் குரலும் சேர்ந்தது. வரிக்கு வரி முடிவில் "லீகோ, லீகோ" என்று வந்தது. அவர்கள் அன்ரியைத்தான் கூப்பிட்டுப் பாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

அப்பாவின் முகம் கறுத்தது. "பார்த்தியே? அவையளைக் கூப்பிட்டிருக்கிறா. ரெண்டு கிழமையா ஏறி இறங்கினவ, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. வாடகைக்கு இருக்கிறனாங்கள் தானே."

அம்மா தலைக்கட்டை அவிழ்த்தார். தங்கைக்குப் பால் கொடுக்கத் திரும்பி இருந்துகொண்டார். அவர் முதுகு மட்டும் தெரிந்தது. ஏழரை மணிக்கு அந்தப் பெண்கள் போனார்கள். கதவு மூடிய சத்தம் கேட்கவில்லை. எட்டரை மணிக்குத்தான் கேட்டது. அப்போதும் வெளியே நல்ல வெளிச்சம்.

காலையில் நான் பள்ளிக்கூடம் புறப்படும்போது, பின்வளவில் பறவைகளுக்கு உணவு வைக்கும் பலகையில் சின்னச் சின்ன ரொட்டி உருண்டைகளான பணிஸ்கள் பிட்டுப் போட்டிருந்தன. ஸ்ராலிங் குருவிகள் அடிபட்டன. அவர்கள் வழக்கமாக அவற்றுக்குள் பன்றி இறைச்சி வைப்பார்கள் என்று பிறகு அறிந்தேன். இவற்றில் வெங்காயமும் முட்டைக்கோவாவும் மட்டும் இருந்தன. ஒரு பெரிய தட்டு நிறைய.

அன்றிலிருந்து அன்ரி மேலே வரவில்லை. படியில் கண்டால் "குட் மோர்னிங்". துணிகளை அம்மா குளியல் தொட்டியில் கையால் தோய்த்தார்.

ஜூலை 5. அதற்கு முன்பே அப்பா ஒழுங்குமுறையோடு இருபது வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். அன்ரிக்கு மட்டும், நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று, சேர்ட் மாற்றி என்னையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார். "குடும்பத்தோட வாங்கோ எண்டு சொல்லு," என்றார். நான் சொன்னேன். தனியாக இருந்த அந்தப் பெண்மணியிடம் அதையும் சொன்னபடி சொன்னேன். அவர் "நன்றி" என்றார். விழாவன்று படியின் நடுவரைக்கும் ஏறிவந்து, மஞ்சள் நூலில் பின்னிய ஒரு குல்லாவை என்னிடம் தந்துவிட்டு இறங்கிப்போனார். மேலே மாமா தங்கையின் காதில் பெயர் சொன்னார். லோவில் தொடங்கும் ஒரு பெயர். நல்ல பொருளுள்ள பெயர். ஜூலை 16, புதன்கிழமை, அதையே பதிந்தோம். தங்கைக்கு விருப்பமில்லை என்பதால் இங்கே எழுதவில்லை. அம்மா அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட்டதே இல்லை. "குஞ்சு" என்பார், "சின்னது" என்பார். குல்லா எங்கே போனது என்று தெரியாது.

1988 மார்ச்சில் தென்லண்டனில் மிச்சம் என்ற இடத்துக்கு வீடு மாறிப் போய்விட்டோம். 1991இல் லத்வியா மறுபடியும் உலகப்படத்தில் வந்தது. 1993இல் அன்ரி வீட்டை விற்று ஊருக்குத் திரும்பினார் என்று அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு வந்த நத்தார் அட்டையில் தெரிந்தது. அட்டையில் ஒரு முகவரியும் கையெழுத்தும் மட்டும். அம்மா அதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகினார்.

1996 இலைதுளிர் காலத்தில், பல்கலைக்கழக நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது, லத்வியா முதலிய போல்ரிக் நாடுகளின் வழக்கங்கள் பற்றிய ஒரு நூல் கையில் பட்டது. நின்றபடியே வாசித்தேன். பெயர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. அழைப்பது அழகில்லை. தேதி எல்லோருக்கும் தெரியும், நினைவிருப்பவர் வருவார். பெயருக்குரியவர் மேசை போட்டுக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பார்.

அந்த இரண்டு பெண்களும் அழைக்கப்பட்டு வரவில்லை. இதைச் சொல்ல அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அப்ப ஆரிட்டயாவது கேட்டிருக்கலாம்," என்றார். கேட்கக்கூடாது என்று சொன்னவர் அவரேதான். அதை நான் சொல்லவில்லை. இந்த நாட்டுக்கே யாரும் அழைக்காமல் வந்தவர்கள் நாங்கள். எங்களுக்குப் பதினான்கு படி இறங்க அழைப்பு வேண்டியிருந்தது.

அந்த நூலோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெயரின் பொருள் எனக்கு அப்போதும் தெரியாது. தேடத் தொடங்கினேன். சிறுவருக்குப் பெயர் வைக்கும் கையேடு ஒன்று, லீகா ஒரு மகிழ்ச்சித் தெய்வம் என்றது. பழங்கதைகள் பற்றிய இன்னொரு நூல், அப்படி ஒரு தெய்வமே இருந்ததில்லை, கோடை நடுநாள் பாட்டில் வரிக்கு வரி வரும் "லீகோ" என்ற பல்லவியைக் கேட்டுவிட்டு, பாட்டுகளை எழுதிவைத்த படித்தவர்கள் அதை ஒரு தெய்வமாக்கினார்கள், அதிலிருந்து பெண் பெயர் வந்தது என்றது. அகராதி, அந்த வினைக்கு அசைதல், ஊசலாடுதல் என்று பொருள் தந்தது. அந்தப் பாட்டுகளைப் பாடுவதற்கும் அதே சொல் என்றது. பாட்டிலிருந்து சொல் வந்ததா, சொல்லிலிருந்து பாட்டு வந்ததா என்பதில் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். எல்லோரும் அடிக்குறிப்புப் போட்டிருந்தார்கள். ஆனால் அப்பா என்னை அனுப்பியது இதைக் கேட்டுவர அல்ல. அந்தப் பெயரைச் சுமந்த ஒரு பெண் அதற்கு என்ன பொருள் வைத்திருந்தார் என்பதுதான் எங்கள் வீட்டுக்கு வேண்டியிருந்தது. அதை எந்த நூலகத்தில் தேட?

நத்தார் அட்டையின் முகவரிக்கு எழுதினேன். 1997 பெப்ரவரியில் அவருடைய பெறாமகளிடமிருந்து பதில் வந்தது. நல்ல ஆங்கிலம், ஐந்து வரி. பெரியம்மா 1995இல் காலமாகிவிட்டார். அந்தப் பெயரை ஏன் வைத்தார்கள் என்று தனக்குத் தெரியாது. லண்டனில் தனக்கு ஒரு சகோதரி இருப்பதாகப் பெரியம்மா சொல்வதுண்டு. குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை. அது யார் என்று எனக்குத் தெரியுமா?

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. 1999 ஓகஸ்ட், மிச்சம் வீட்டுக் குசினி. அம்மா பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். பெயர் நாள் வழக்கத்தைச் சொன்னேன். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் கை நிற்கவில்லை.

"நான் போனனானே," என்றார்.

"எங்கயம்மா?"

"கீழ. அடுத்த நாளோ, அதுக்கடுத்த நாளோ. உன்ர கொப்பர் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்திட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனனான்."

"துடக்கோடயோ?"

"ஓம். நான் போக, அவ முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தா. பிள்ளையை அவவின்ர மடியில வைச்சன். பிள்ளையைக் காட்டி, 'லீகா' எண்டன். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிஞ்சது. பிறகு அவ கனநேரம் கதைச்சா. ஒருக்கால் பாடினவ, ஒருக்கால் அழுதவ, பிறகும் கதைச்சவ. நான் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தன். பேரைப் பற்றித்தான் சொல்லியிருக்க வேணும்."

"என்ன சொன்னவ அம்மா?"

"எனக்கெங்க பிள்ளை விளங்கினது? நீ பள்ளிக்கூடத்திலயெல்லே."

"பிறகேன் என்னட்டச் சொல்லேல்லை? நான் போய்த் திருப்பிக் கேட்டிருப்பனே!" குசினியில் நான் கத்திவிட்டேன்.

"கொப்பருக்குத் தெரிஞ்சால் துடக்குக் கலந்தது எண்டு துள்ளியிருப்பார். நீ ஒண்டும் மறைக்க மாட்டாய். கேட்டதெல்லாம் அப்பிடியே ஒப்புவிப்பாய்."

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 24 முதல் 30 வரை என் நாட்குறிப்பைப் பலமுறை பார்த்துவிட்டேன். அம்மா கீழே போனதாக ஒரு சொல் இல்லை. அம்மா சொன்னபடி நடந்திருந்தால், அன்ரி அதன் பிறகும் ஏன் மேலே வரவில்லை என்பதற்கு எனக்கு விளக்கம் இல்லை. தங்கைக்குத் தன் பெயரை விட்டு வேறொரு பெயர் வைத்ததைக் குல்லாவோடு வந்து பாதிப் படியில் நின்று கேட்டாரா, அதுவும் எனக்குத் தெரியாது. அப்பா 2004இலும் அம்மா 2011இலும் போய்விட்டார்கள். அந்த அறையில் இருந்திருக்கக்கூடிய இன்னொரு சாட்சி என் தங்கை. அவளுக்கு அப்போது வயது இருபது நாள்.

ஆகவே, லீகா என்ற பெயரின் பொருளை அதன் சொந்தக்காரர் 1986 ஜூன் கடைசி வாரத்தில் ஒரு பகல் வேளையில் எங்கள் அம்மாவுக்கு முழுமையாக விளக்கினார் என்பது, அம்மாவின் ஒரே கூற்றைத் தவிர வேறு ஆதாரம் இல்லாத, இன்றுவரை உறுதிப்படுத்தப்படாத தகவல்.